மலை ஏரிகளில் பழைய அவுட்போர்டு மோட்டார்: ஸ்டார்ட், ஐடிலிங் கோளாறுகள்

படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டி ஓட்டப்படும் இயந்திரம் அவுட்போர்டு மோட்டார். தமிழ்நாட்டு மீன்வளத் துறை வழக்கில் இது வெளிப்பொருத்தும் இயந்திரம். இலங்கைத் தமிழில் வெளியிணைப்பு இயந்திரம். கார்பரேட்டர் கொண்ட பழைய மோட்டார்கள் பெரும்பாலும் கடல்மட்டக் காற்றுக்கென்றே செட்டிங் செய்யப்பட்டவை. அவை நீலகிரி போன்ற உயரமான இடத்தின் ஏரியில் இறங்கும்போது, ஸ்டார்ட் ஆவதிலும் ஐடிலிங்கில் நிற்பதிலும் சமவெளியில் காணாத தொல்லைகளைத் தருகின்றன.

அந்தத் தொல்லைகளில் எது காற்றால் வருவது, எது பழுதால் வருவது என்று பிரித்தறிவதே மலையில் மெக்கானிக்கின் முதல் வேலை. இதற்கு ஓர் அடிப்படை விதி உண்டு. எரிபொருள் மிகுதியாகிவிட்டதற்கான அறிகுறி, மோட்டாரில் எந்தப் பழுதும் இல்லாமலேயே மலையில் தோன்றலாம். எரிபொருள் போதவில்லை என்பதற்கான அறிகுறி தோன்றினாலோ, அங்கே பழுது இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் கழற்றப்பட்ட கார்பரேட்டர்களும், தேவையின்றி மாற்றப்பட்ட காயில்களும் ஏராளம்.

ஏரிகளும் படகுகளும்

உதகமண்டலம் எனும் ஊட்டியின் ஏரி, 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உருவாக்கிய செயற்கை ஏரி. தொடக்கத்தில் இன்றுள்ளதைவிட விரிந்து கிடந்தது. பின்னாளில் குதிரைப் பந்தயத் திடலாகவும் பேருந்து நிலையமாகவும் ஆன நிலம் அதன் பரப்பிலிருந்து பிரிந்ததே. இன்றைய பரப்பு ஏறத்தாழ 65 ஏக்கர். கரையிலுள்ள தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லத்திலிருந்து துடுப்புப் படகு, மிதிபடகு, மோட்டார் படகு ஆகியவை விடப்படுகின்றன. ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் பைக்காரா நீர்த்தேக்கம் இருக்கிறது. 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தோடு சேர்ந்தது அது. அங்கும் கழகத்தின் படகு இல்லம் உண்டு; மோட்டார் படகுகளும் விரைவுப் படகுகளும் ஓடுகின்றன.

அவுட்போர்டு மோட்டாரை வணிக அளவில் வெற்றிபெறச் செய்தவர் அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த ஓலே எவின்ரூட், ஆண்டு 1909. ஜப்பானிய நிறுவனங்களில் யமஹா 1960-இலும் சுசுகி 1965-இலும் தங்கள் முதல் அவுட்போர்டுகளைக் கொண்டுவந்தன. எவின்ரூட் பெயரில் மோட்டார் உற்பத்தி 2020-இல் நின்றுபோனது. தமிழகக் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகியபோது அவுட்போர்டும் உடன் பெருகியது. அதனால் உதிரிப் பாகங்களும் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் கடலோர ஊர்களிலேயே அதிகம். மலைக்கு வரும் பழைய மோட்டார், கடலோரத்தில் செய்த செட்டிங்கோடேயே வந்து சேர்வது இதனால்தான்.

உயரத்தின் விளைவு

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. திட்ட வளிமண்டலக் கணக்கின்படி அழுத்தம் தோராயமாக இவ்வாறு அமையும்:

| இடம் | உயரம் | காற்றழுத்தம் |
|---|---|---|
| சென்னைக் கடற்கரை | கடல்மட்டம் | 101 கிலோபாஸ்கல் |
| மேட்டுப்பாளையம் | சுமார் 325 மீட்டர் | 97 கிலோபாஸ்கல் |
| குன்னூர் | சுமார் 1,850 மீட்டர் | 81 கிலோபாஸ்கல் |
| ஊட்டி | சுமார் 2,240 மீட்டர் | 77 கிலோபாஸ்கல் |

ஊட்டியில் மோட்டார் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்கு காற்றுதான் இருக்கிறது. கார்பரேட்டருக்கு இது தெரியாது. அதன் தொண்டை வழியாகப் பாயும் காற்றின் வேகத்தைப் பொறுத்து அது பெட்ரோலை விடும்; காற்று எவ்வளவு அடர்த்தியானது என்று பார்ப்பதில்லை. காற்றின் எடை குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாததால் கலவை கெட்டியாகிறது. கணக்கிட்டால், ஊட்டியில் இது ஏறத்தாழ 15 விழுக்காடு மிகுதி. மின்னணு எரிபொருள் தெளிப்பான் கொண்ட புதிய மோட்டார்கள் காற்றழுத்தத்தை உணர்ந்து தாமே சரிசெய்துகொள்கின்றன. பழையவற்றுக்கு அந்த வசதி இல்லை.

இதோடு ஆற்றலும் குறைகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 விழுக்காடு ஆற்றல் இழப்பு என்பது பொதுக் கணக்கு. கடற்கரையில் 40 குதிரைத்திறன் தரும் மோட்டாரிலிருந்து ஊட்டியில் 31-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எனவே அதே புரொப்பல்லர் இங்கே பாரமாகிவிடும். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைவான புரொப்பல்லர் மாட்டினால் இழந்த சுழற்சி வேகம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும்.

குளிரும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் ஊட்டியில் உறைபனி விழும். அந்தக் குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. துளிகளாகவே சிலிண்டருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குளிர்ந்த மோட்டாருக்குச் சோக் தேவைப்படுகிறது. ஆனால் ஏற்கெனவே கெட்டியான கலவைக்குச் சோக் சற்று அதிகமானாலும் பிளக் நனைந்துவிடும். கடற்கரைப் பழக்கத்தில் சோக்கை முழுதும் இழுத்துவைத்துப் பத்துப் பன்னிரண்டு முறை கயிற்றை இழுப்பவர், மலையில் தம் கையாலேயே மோட்டாரைப் பெட்ரோலில் மூழ்கடிக்கிறார்.

ஸ்டார்ட் ஆகாதபோது

கருவியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, டேங்கிலிருந்து வரும் குழாயின் இணைப்பு இரு முனைகளிலும் சரியாகப் பூட்டியிருக்கிறதா? காற்றுத் திருகு மூடியிருந்தால் மோட்டார் ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடம் ஓடி, டேங்கில் வெற்றிடம் உண்டாகி நின்றுபோகும். நடு ஏரியில் நிற்கும் படகுகளில் பலவற்றுக்கு இந்த ஒரு திருகே காரணம்.

அடுத்தது பிரைமர் பல்ப். குழாயின் நடுவிலுள்ள ரப்பர் உருண்டையை அம்புக்குறி மேல்நோக்கி இருக்குமாறு நிமிர்த்திப் பிடித்து, கெட்டியாகும்வரை அமுக்க வேண்டும். எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகாவிட்டால் குழாயில் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பல்பின் உள்வால்வு போய்விட்டது. கெட்டியான பிறகும் தொடர்ந்து அமுக்கக் கூடாது. கார்பரேட்டரின் மிதவை அறை நிரம்பி வழியும்.

குளிர்ந்த இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்கு மலையில் உகந்த முறை இது: சோக்கை முழுதும் இழுத்து இரண்டு மூன்று முறை கயிற்றை இழுக்க வேண்டும். மோட்டார் ஒருமுறை இருமியதும் சோக்கைப் பாதியாக்கி மறுபடி இழுக்க வேண்டும். பிடித்துக்கொண்டதும் சோக்கை விட்டுவிட்டு, ஐடிலிங்கைச் சற்றே உயர்த்திச் சூடேற்ற வேண்டும்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே நேர்வழி. நல்ல வெளிச்சத்தில் அதன் முனையைப் பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். பீங்கான் மூக்கு வெளிர்ப் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி மென்மையாகப் படிந்து, விரலில் மை போல ஒட்டினால் எரிபொருள் மிகுதி. பெட்ரோல் வாடையோடு ஈரமாகப் பளபளத்தால் மோட்டார் மூழ்கியிருக்கிறது. ஈரத்தில் முத்து முத்தாகத் துளிகள் நின்று, துடைத்தால் வாடையே இல்லாவிட்டால் அது தண்ணீர். பலமுறை இழுத்த பிறகும் பிளக் உலர்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்துசேரவே இல்லை. வெள்ளையாக வெளுத்து, முனை அரித்திருந்தால் கலவை மெலிந்து மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது.

*மூழ்கிய மோட்டார்.* பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக்குகள் இல்லாமல் கயிற்றைப் பலமுறை இழுத்துச் சிலிண்டரையும் கிராங்க் அறையையும் உலர்த்த வேண்டும். பிறகு உலர்ந்த பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல், திராட்டிலைத் திறந்து இழுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

*தீப்பொறி.* பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியேறிய பிறகே தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். அருகில் சோதித்தால் தீப்பிடிக்கும். இடைவெளியோடு கூடிய டெஸ்டர் நம்பத் தகுந்தது. நீலத் தீப்பொறி படபடவென்று தாவ வேண்டும். மஞ்சளாக நூலிழைபோல் இருந்தால் பலவீனம். அறவே இல்லாவிட்டால் முதலில் நிறுத்துசுவிட்சின் வயரைத் தனியாக்கிப் பார்க்க வேண்டும். மலை ஈரத்தில் உள்ளே பச்சை பூத்த சுவிட்ச், தீப்பொறியைச் சத்தமின்றி உடலில் இறக்கிவிடும். பாயிண்ட் வைத்த மிகப் பழைய மோட்டார்களில், பலநாள் ஓடாதபோது பாயிண்ட் முகத்தில் மெல்லிய துருப்படலம் பிடிக்கும். ஃப்ளைவீலைக் கழற்றி முகத்தைச் சுத்தம் செய்து, ஃபீலர் கேஜால் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பல ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் அது 0.5 மில்லிமீட்டர். பாயிண்ட் இல்லாத மின்னணு இக்னிஷனான சிடிஐ வகையில் ஸ்டேட்டர், டிரிகர், காயில் ஆகியவற்றை மீட்டரால் அளந்த பிறகே பாகத்தை மாற்ற வேண்டும்.

*கம்ப்ரெஷன்.* கேஜ் காட்டும் எண்ணும் மலையில் இறங்கிவிடும் என்பது பலர் கவனிக்காத உண்மை. கடற்கரையில் 120 பிஎஸ்ஐ காட்டும் ஆரோக்கியமான சிலிண்டர், ஊட்டியில் 90-ஐ ஒட்டித்தான் காட்டும். கையேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு ரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டினால், நல்ல மோட்டாரை வீணாகப் பிரிப்பதில் முடியும். இங்கே பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாட்டை. ஒன்றுக்கொன்று 10, 15 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபட்டால் மட்டுமே உள்ளே பழுது.

ஐடிலிங் கோளாறுகள்

ஐடிலிங்கில் ஓடும்போது திராட்டில் தகடு ஏறத்தாழ மூடியே இருக்கும். அப்போது மோட்டாருக்கான பெட்ரோல் முழுதும் பைலட் ஜெட் என்ற ஊசித்துளை வழியாகவும், தகட்டின் விளிம்பை ஒட்டிய நுண்துளைகள் வழியாகவும் வருகிறது. பெரிய ஜெட்டைவிட இது பல மடங்கு நுண்ணியது. படகு பல வாரம் கட்டிக்கிடந்தால், மிதவை அறையில் நின்ற பெட்ரோல் ஆவியாகித் தேன்நிறப் பிசின் படியும். அது முதலில் அடைப்பது இந்தத் துளையைத்தான். வேகமாக ஓட்டினால் நன்றாக ஓடி, குறைத்தால் நின்றுவிடும் மோட்டாரின் கதை பெரும்பாலும் இதுவே.

முன்பு சொன்ன விதி இங்கே முழுதாகப் பயன்படுகிறது. ஐடிலிங்கில் திணறும் மோட்டாரில், சூடான பிறகு, சோக்கை மெல்லக் கால்வாசி இழுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டம் இன்னும் மோசமானால் கலவை ஏற்கெனவே கெட்டி. உயரமே காரணமாக இருக்கலாம், செட்டிங்கை மாற்றினால் போதும். சோக் இழுத்ததும் ஓட்டம் சீரானால் கலவை மெலிந்திருக்கிறது. காற்றே கலவையைக் கெட்டியாக்கும் ஊரில் மெலிவு தானாக வராது. ஜெட்டில் அடைப்பு, கார்பரேட்டர் கேஸ்கட்டில் கசிவு, கிராங்க் ஆயில் சீல் தேய்வு ஆகியவற்றுள் ஒன்று பெரும்பாலும் இருக்கும். கடற்கரையில் இந்தச் சோதனை ஐயத்துக்கு இடமளிக்கும். மலையில் அதன் தீர்ப்பு தெளிவானது.

பிற அறிகுறிகளும் காரணங்களும்:

- பிரைமர் பல்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது: பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று புகுகிறது.
- நியூட்ரலில் நன்றாக நிற்கிறது, கியர் போட்டதும் அணைகிறது: முதலில் புரொப்பல்லரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை வேர், பிளாஸ்டிக் பை, மீன்பிடி நரம்பு சுற்றியிருக்கும். இல்லையேல் ஐடிலிங் அளவு குறைவு.
- ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது: பிளக் வயர்களை ஒவ்வொன்றாக உடலோடு எர்த் செய்து பார்த்தால், எதைத் துண்டித்தபோது ஓட்டம் மாறவில்லையோ அதுவே செத்த சிலிண்டர். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் சிடிஐ கெடும்.
- நேரம் ஆக ஆக ஐடிலிங் மோசமாகிறது, பிளக்கில் கரி பிடிக்கிறது: தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். குளிர்ந்த ஏரி நீர் இடைவிடாது பாய்ந்து மோட்டார் சூடேறவே விடாது.
- கார்பரேட்டர் வழியாகப் பெட்ரோல் புகையாகத் திருப்பித் துப்புகிறது: ரீடு வால்வின் இதழ் உடைந்திருக்கலாம் அல்லது சரியாக மூடாமலிருக்கலாம்.

*கார்பரேட்டர் சுத்தம்.* ஜெட்டுகளைக் கழற்றி, கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து ஊத வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது; பித்தளைத் துளை கண்ணுக்குத் தெரியாத அளவு அகன்றாலும் செட்டிங் கெட்டது கெட்டதுதான். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், சுத்தமான துளை வட்டமான ஒளிப்புள்ளியாகத் தெரியும். அது பிறையாகவோ மங்கலாகவோ தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது. மிதவையின் உயரத்தையும் ஊசி வால்வையும் அதே கையோடு பார்த்துவிட வேண்டும். மிதவை மட்டம் அதிகமாக இருந்தால் எந்தத் திருகாலும் கலவையைக் குறைக்க முடியாது.

*ஐடிலிங் திருகு.* படகு தண்ணீரில் உறுதியாகக் கட்டப்பட்டு, மோட்டார் நன்கு சூடாகி, கியரில் இருக்கும்போதுதான் இதைச் சரிசெய்ய வேண்டும். திருகை இறுக்காமல் மெல்ல அடிவரை கொண்டுபோய், கையேடு சொல்லும் சுற்று திருப்புவது தொடக்கம். பல பழைய மோட்டார்களில் அது ஒன்றேகால் முதல் ஒன்றரைச் சுற்று. பிறகு சிறிது சிறிதாக உள்ளே திருப்பி, மோட்டார் தும்மத் தொடங்கும் இடத்தையும், வெளியே திருப்பி, அது புகைந்து தடுமாறும் இடத்தையும் கண்டு, இரண்டுக்கும் நடுவில், கெட்டிப் பக்கமாகச் சற்றே நிறுத்த வேண்டும். ஊட்டியில் அந்த இடம் கடற்கரைச் செட்டிங்கைவிட உள்ளே அமையும். திருகு காற்று நுழையும் பக்கத்தில் இருக்கும் கார்பரேட்டர்களில் அது காற்றைக் கட்டுப்படுத்துவதால் திசை நேர்மாறு. திருகுக்கு எட்டாத அளவு கலவை கெட்டியாக இருந்தால், உற்பத்தியாளரின் உயரப் பட்டியலில் உள்ள சிறிய ஜெட்டை மாட்டுவதே முறை.

ஐடிலிங் நிற்கவில்லை என்பதற்காக வேகத்திருகை மட்டும் ஏற்றிவைப்பது தவறான வழி. பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்கள் பொதுவாக 700 முதல் 1,000 சுற்றுக்குள் நிற்க வேண்டியவை. அதற்கு மேல் ஏற்றிவைத்துக் கியர் போட்டால், ஒவ்வொரு முறையும் கியரின் பற்கள் மோதித் தேயும். படகில் ஏறும் குழந்தைகளும் முதியவர்களும் அந்த உதறலில் தடுமாறுவார்கள். ஒரு ஜெட்டைச் சுத்தம் செய்யச் சோம்பியதற்காகப் பயணிகளை ஆபத்தில் விடுவது எந்தப் படகோட்டிக்கும் தகாது.

பெட்ரோலும் ஈரமும்

இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டையும் 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. பழைய அவுட்போர்டுகளுக்கு உற்பத்தியாளர்கள் பொதுவாக 10 விழுக்காடு வரையே அனுமதிக்கிறார்கள். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் டயஃப்ரத்தையும் உப்பச் செய்யும். காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். பனிமூட்டமும் மழையும் மாதக்கணக்கில் தங்கும் நீலகிரியில், பாதி காலியான டேங்கின் உட்சுவரில் நீர் வியர்க்கும். அந்த நீரை எத்தனால் ஒரு அளவுக்குத் தாங்கி, பிறகு இரண்டும் சேர்ந்து அடியில் பிரிந்து தங்கும். அடியிலிருந்தே உறிஞ்சும் குழாய்க்கு முதலில் கிடைப்பது அந்தக் கலவைதான்.

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, தெளிந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சில நிமிடம் விட்டால் தெரிந்துவிடும். ஒரே நிறமாக இருந்தால் நல்லது. கீழே தனி அடுக்கு நின்றால் டேங்க் முழுவதையும் காலிசெய்ய வேண்டும். அந்த அடுக்கில் இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் கரையாது என்பதால், அதை உண்ட மோட்டார் ஆயில் இல்லாமல் ஓடிச் சேதமடையும். ஆயில் அளவை இடம் பார்த்து மாற்றக் கூடாது. கையேடு 50-க்கு 1 என்றால் மலையிலும் அதுவே. புகை அதிகம் என்று ஆயிலைக் குறைப்பவர்கள் பிஸ்டனைப் பறிகொடுக்கிறார்கள். புகைக்குக் காரணம் கெட்டிக் கலவை, ஆயில் அல்ல.

ஏரி நீரின் பங்கு

ஊட்டி ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரின் கழிவுநீரும் வந்து சேர்கிறது; ஆகாயத்தாமரையும் அவ்வப்போது பரவுகிறது. அடிக்காலிலுள்ள நீர் உறிஞ்சும் சல்லடை அடைபட்டால் மோட்டார் கொதிக்கும். ஸ்டார்ட் ஆனதும் பக்கத்துத் துளையிலிருந்து நீர் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பது வழக்கமாக வேண்டும். கரையில் சோதிக்கும்போதும் அடிக்கால் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் இருக்க வேண்டும்; உலர்ந்து ஓடினால் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளில் கெடும்.

மறுபுறம், மோட்டாரும் ஏரிக்குத் தீங்கு செய்கிறது. கார்பரேட்டர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார், உண்ணும் எரிபொருளில் கால் பங்குவரை எரியாமலேயே வெளியேற்றக்கூடியது. கெட்டிக் கலவையில் அது இன்னும் கூடும். பைக்காராவின் நீர் மோயாறாக முதுமலைக் காட்டோரம் ஓடிப் பவானிசாகரைச் சேர்கிறது. யானையும் புலியும் குடிக்கும் நீர், கீழே வயலுக்குப் பாயும் நீர் அது. மூழ்கிய மோட்டாரை உலர்த்தும்போது வழியும் பெட்ரோலைத் தண்ணீரில் விடாமல் துணியில் ஏந்துவதும், செட்டிங்கைச் சரியாக வைப்பதும் படகுத் தொழிலின் கடமைகள். செட்டிங் சரியான மோட்டார் குறைவாகவே புகைக்கும், குறைவாகவே குடிக்கும். உரிமையாளருக்கும் அதில் லாபமே.

மலையிலிருந்து இறக்கும்போது

நீலகிரிக்கென்று செட்டிங் செய்த மோட்டாரை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுபோவது, கடற்கரை மோட்டாரை மலைக்குக் கொண்டுவருவதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. மலையில் கலவை கெட்டியானால் புகையும் கரியும் திணறலும்தான் வரும், மோட்டார் பிழைத்துக்கொள்ளும். சிறிய ஜெட் வைத்த மோட்டார் கடல்மட்டத்தின் அடர்ந்த காற்றில் முழு வேகத்தில் ஓடினால் கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். தொடக்கத்தில் அது வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதுபோலத் தோன்றுவதால் ஓட்டுபவருக்கு எச்சரிக்கையும் கிடைக்காது.

ஆகவே ஜெட்டை மாற்றும் ஒவ்வொருவரும், கழற்றிய ஜெட்டைப் பொட்டலம் கட்டி மோட்டாரின் கருவிப் பையிலேயே வைக்க வேண்டும். மேல்மூடியின் உட்புறத்தில் ஜெட் எண், திருகின் சுற்று, புரொப்பல்லர் பிட்ச், எந்த ஊருக்கான செட்டிங் என்ற நான்கையும் அழியாத மையில் எழுதிவைக்க வேண்டும். அடுத்து அந்த மூடியைத் திறக்கும் மெக்கானிக், எதையும் கழற்றாமலேயே பாதி விடையைப் படித்துவிடுவார்.